கீழ்மலை ஊற்று

கொல்லிமலை பைல் நாட்டில் இரண்டு காப்பித் தோட்டக் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்த வருஷம், செல்லமுத்து மேஸ்திரியின் காலடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின வருஷம் அது. காப்பி விலை விழுந்து கிடந்ததால்தான் கம்பெனிகளும் சேர்ந்தன. சேர்க்கிற வேலைக்கு வந்த துரை, திட்டம் போடுவதற்கு முன்னால் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். ஆள், குடிசை, பொதிக்கழுதை, காப்பி உலர்த்தும் களம், தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துவந்து சொல்ல, மேல்மலைக் கம்பெனியின் மேஸ்திரியான செல்லமுத்துவை அனுப்பினார். மேல்மலையை அவர் மூலைமுடுக்கெல்லாம் சுற்றினார். கீழ்மலைக்கு இறங்க வேண்டிய நாளில் தூறல், பாதையெல்லாம் அட்டை, முட்டி வேறு வீங்கியிருந்தது. மேட்டில் நின்றபடியே பார்த்தார். கீழ்மலைக் குடிகளின் ஊற்று பச்சைத் தழையால் மூடிக் கிடந்தது. சாவு விழுந்தால் அந்தக் குடிகள் ஊற்றை அப்படித்தான் மூடுவார்கள்; கருமாதி முடியும்வரை தூரத்து ஓடையில் மொண்டு குடிப்பார்கள். மலையிலே பிறந்த செல்லமுத்துவுக்கு இது தெரியாததில்லை. உள்ளதைச் சொன்னால், திறந்த பிறகு இன்னொரு தடவை இறங்கிப் பார் என்பார் துரை. அதனால், “கீழ ஊத்து வத்திப்போச்சுங்க” என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் இல்லாத இடத்தில் ஆள் எதற்கு என்று துரை கீழ்மலைக் குடிகளை மலையைவிட்டு இறங்கிப் போகச் சொன்னார். ஊற்றில் தண்ணீர் இருக்கிறது என்றார்கள் அவர்கள். அப்படியானால் தழையை எடுத்துக் காட்டுங்கள் என்றான் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. கருமாதிக்கு முன்னால் எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. செத்தவனின் பெண்சாதி கண்ணாயி முதல் ஆளாகச் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறங்கினாள்.

மறுநாள் காலையில் செல்லமுத்து கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் ஊறியது. முதலில் வியர்வை என்று நினைத்தார். அவர் பெண்சாதி ராமாயி, “ஏனுங்க, ஊட்டுக்குள்ள நடக்காதீங்க, களி கிண்டற அடுப்பு அணைஞ்சுபோச்சு” என்று விரட்டி, அவரை வாசலில் உட்கார வைத்துச் சோறு போட்டாள். அவர் அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தபோது கோரைக்கிழங்கு வாசம் அடித்தது. அந்த வாசம் கீழ்மலை ஊற்றுக்கு மட்டும்தான் உண்டு. வீங்கிய முட்டியோடு இறங்கி ஓடித் தழையை விலக்கினார். உள்ளே காய்ந்த மணல் கிடந்தது. ஊற்றில் தண்ணீர் இருந்ததுங்க, நான் சொன்னது பொய்ங்க என்று துரையிடம் போய் அழுதார். துரை வந்து மணலைக் கிண்டிப் பார்த்துவிட்டு, நீ முதலில் சொன்னதுதான் சரி என்று தோளில் தட்டி, சேர்ந்த கம்பெனி முழுவதற்கும் அவரையே பெரிய மேஸ்திரி ஆக்கினார். அவர் கண்ணாயியைத் தேடி மலையிறங்கினார்.

சேந்தமங்கலத்தில் ஒரு வீட்டுக் கட்டுவேலைக்குக் கண்ணாயி மண் சுமந்துகொண்டிருந்தாள். செல்லமுத்து எதிரே போய் நின்றதும் புழுதி நனைந்து சேறானது. அவள் கூடையை இறக்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“எங்க ஊத்துங்க இது.”

“தழையப் பாத்தேன் கண்ணு. பாத்துட்டும் வத்திப்போச்சுன்னு சொல்லிப்போட்டேன்.”

“செத்தவனுக்குப் போட்ட தழைங்க அது. மேஸ்திரி ஆயிட்டா மலைச்சாவு கண்ணுக்குத் தெரியாதுங்களா?” என்றாள். பிறகு கை கழுவினாள். அவர் காலடியில் ஊறிய தண்ணீரில்தான் கழுவினாள்.

கீழ்மலைக் குடிகளைத் திரும்பக் கூப்பிடுங்க, தண்ணீருக்கு நான் பொறுப்பு என்றார் செல்லமுத்து. காப்பி பழுத்து ஆள் கிடைக்காமல் தவித்த துரை, தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்கவில்லை. குடிகள் மறுபடி ஏறிவந்தார்கள். யுத்தம் வந்தது, போனது. துரையும் போனார். செல்லமுத்து விடிந்ததும் கீழ்மலைக்கு இறங்கி ஒவ்வொரு குடிசை வாசலிலும் நிற்பார். பெண்கள் அவர் காலடியில் ஊறும் தண்ணீரைச் சுரைக்குடுக்கையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு ஐப்பசியில் கண்ணாயி வாசலில் நின்றபோது, “என்னை மன்னிச்சுப்போடு கண்ணு” என்றார்.

“அது கிடக்கட்டுங்க. ஆடாம நில்லுங்க, கலங்குது” என்றாள் அவள். அவர் ஆடாமல் நின்றார்.