கொத்தனாரின் கையொப்பம்

இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, கதிரவன் கூரைகளின் மேலேறி ஈரச்சுவர்களை ஒவ்வொன்றாய்த் தடவிக் காயவைத்துக்கொண்டிருந்த முற்பகல் வேளை. அகன்ற சாலையின் இருமருங்கும் ஓங்கிய கட்டடங்கள், நொடித்துப்போன உறவினரைக் கண்டும் காணாதார்போல் தலைநிமிர்ந்து நிற்க, அவற்றினிடையே மாடியில்லாச் சிறுவீடொன்று, பந்தியில் அழையாது அமர்ந்தவன்போல ஒடுங்கிக் கிடந்தது. ஆயினும் நுண்ணறிவுடையீர், அருகே சென்று அதன் சுவரைப் பாருங்கள். அண்டை மாடிகளில் ஐந்தாண்டுக்குள் ஓடிய வெடிப்பு, நாற்பதாண்டு கண்ட இச்சுவரில் மயிரிழையும் இல்லை. பூசிய கை அத்தகையது. தன் வீடு, பிறர் வீடு என வேறுபடுத்தத் தெரியாத கை. இக்காலத்தில் அதற்கு நேர்மை என்று பெயரில்லை, பிழைக்கத் தெரியாமை என்று பெயர்.

அவ்வீட்டின் வாயிலில் அன்று காலை சம்மட்டியோடு நால்வர் வந்து நின்று, "இடிக்கச் சொல்லி உத்தரவு இருக்கு பெரியவரே" என்றதும், வீட்டுக்குரிய முதிய கொத்தனார் செருப்பையும் மறந்து நகரமன்ற அலுவலகத்துக்கு நடந்தார். அவர் நடக்கட்டும், அதற்குள் அவர் வலக்கையின் வரலாற்றைச் சொல்லிவிடுவோம்.

பிறந்தபோது தாயின் விரலை இறுகப் பற்றுவதன்றி வேறறியாத அக்கை, பன்னிரண்டில் சாந்துச் சட்டி ஏந்தவும், இருபதில் கரணையால் அள்ளி விசிறிய சாந்து விசிறிய இடத்திலேயே ஒட்டவும், முப்பதில் நூல் பிடியாமலே மட்டம் காணவும் கற்றது. எழுதுகோல் மட்டும் வசப்படவில்லை. மனை வாங்கிய நாளில் பெருவிரலை மையில் தோய்க்கச் சொல்லி, "கைநாட்டுதானே" என்று பத்திரம் எழுதுவோன் ஒருவன் சிரித்ததைப் பொறாராய் எழுந்து வந்து, ஆறு வயது மகனோடு ஒரே பலகையில் குந்தி எழுதப் பழகினார். மகன் எழுதுகோலை முழு முட்டியில் பிடித்தான். தந்தையும் அப்படியே பிடித்தார். மூன்று திங்களில் மகனின் முட்டி மலர்ந்து மூன்று விரலாயிற்று. காய்ப்பேறிய தந்தை கைக்கு ஓராண்டு பிடித்தது. இளங்கை குழைத்த சாந்து, எப்படியும் வளையும். முதிர்ந்த கை காய்ந்த சாந்து, உடையுமேயன்றி வளையாது. இருந்தும் வளைத்தார். ஆவணத்தின் கீழ் வலது மூலையில் தம் பெயரை இட்ட அன்று, வீடு கட்டியதினும் பெருமிதம் கொண்டார்.

எழுபதில் நடுக்கம் வந்தது. குவளை நீர் வாயை அடையுமுன் மார்பை நனைத்தது. பொத்தான் தன் துளையைத் தேடி அலைந்தது. அவற்றைப் பொறுத்தார். ஆறு திங்களுக்கு முன் குடிநீர்க் குழாய்க்கு எழுதிய மடலை, 'கையொப்பம் ஆவணத்தோடு ஒத்துவரவில்லை, பெருவிரல் வைக்க' என்று நகரமன்றம் திருப்பியதைத்தான் அவரால் பொறுக்க இயலவில்லை. அன்றுமுதல் நாள்தோறும் பழகலானார். தாளின் தலையில் இட்டால் கை திணறியது. நடுவில் இட்டாலும் திணறியது. அது கற்ற இடம் கீழ் வலது மூலையே ஆதலின், தாளுக்கு ஒன்றாய் அங்கேயே இட்டார்.

"ஏன் மாமா, இத்தனை தாளு? பரீட்சையா எழுதப் போறீங்க?" என்றாள் மருமகள்.

"ஆமா, எமன் வைக்கிற பரீட்சை. நீ போய் அடுப்பப் பாரு."

வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்டவனைத் திருடனென்று தெருவறிய ஏசியவர் அவர். பெற்ற மகனையும் நம்பார். "அப்பா, ஒரு கையெழுத்து போடுங்க, ஆறு மாடி எழும்பும்" என்று மகன் கெஞ்சிய போதெல்லாம், "நான் செத்தப்புறம் அறுபது மாடி கட்டு. இப்ப செவுத்தத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றவர். அத்தகையவர், கோணியவற்றை அடுப்பிலிட்டு, நேராய் வந்தவற்றைப் படுக்கையடியில் பேணினார். பெருக்கும்போது மருமகள் கண்டாள், கணவனிடம் சொன்னாள்.

அலுவலகத்தில் மகன் முன்னரே வந்திருந்தான். பெண் அலுவலர் நீட்டிய தாளில், வீட்டை இடிக்க இசைவதாக மகனின் அழகிய எழுத்து. அடியில் தந்தையின் கையொப்பம், படுக்கையடியில் இருந்தவற்றுள் மிகச் சிறந்தது.

"வெறுந்தாள்ல பழகினது அம்மா இது. மேல இருக்கறது இவன் எழுதினது" என்றார் முதியவர்.

"வெறுந்தாள்ல யாராவது கையெழுத்து போடுவாங்களா மேடம்?" என்றான் மகன். "அதுவும் எங்கப்பா! மூச்சு விட்டாக்கூட ரசீது கேக்கற ஆளு."

அலுவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, ஆறு மாசம் முன்னாடி உங்க கையெழுத்து ஒத்துவரலன்னு நாங்களே திருப்பி இருக்கோம். இப்ப என் கண்ணு முன்னாடி ஒண்ணு போடுங்க. நடுங்கிக் கோணலா வந்துச்சுன்னா, இந்தத் தாள நான் நம்ப மாட்டேன். இடிக்கறத இன்னிக்கே நிறுத்திடறேன்."

கருணையே உருவாய் அவர் சொன்னதை முதியவர் நன்குணர்ந்தார். செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. நாள்தோறும் நடுங்கும் கையை நடுங்க விட்டால் போதும், வீடு நிற்கும். எழுதுகோலை எடுத்தார். அதன் நுனி, காற்றில் அகப்பட்ட இலைபோல ஆடியது.

அப்போது வரிசையில் நின்ற ஒருவன், "பெரியவர ஏன் மேடம் படுத்தறீங்க? கைநாட்டு வாங்கிட்டு அனுப்புங்க, நாங்களும் நிக்கறோம்ல" என்றான். நாலைந்து பேர் சிரித்தனர்.

முதியவரின் முழங்கை மேசையில் ஊன்றியது. கூரையின் விளிம்பில் பூசுங்கால் அடக்குவதுபோல மூச்சு அடங்கியது. ஆறு திங்கள் பழகிய விரல்கள், யாரையும் கேளாமல், தாளின் கீழ் வலது மூலையை அடைந்து, ஒரே ஓட்டத்தில் அப்பெயரை இட்டு மீண்டன. பிசிறில்லை, கோணலில்லை. முதலடி வைத்த குழந்தை கைதட்டுவோரைத் தேடுவதுபோல, முகமெல்லாம் மலர அவர் சுற்றிலும் பார்த்தார். மகன் ஒருவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அச்சிரிப்பைக் கண்ட பின்னரே, தாம் செய்தது இன்னதென்று அவருக்கு விளங்கியது.

"ஒத்துவருதுங்க ஐயா" என்றார் அலுவலர், மெல்ல. முத்திரை விழுந்தது.

படியிறங்குகையில் மகன் முழங்கையைத் தாங்க வந்தான். "பாத்துப்பா, வழுக்கும்."

"கைய எடுடா."

விடுபட்ட கை மீண்டும் நடுங்கத் தொடங்கிற்று. மனிதன் தன் கையைப் பழக்குவதாக எண்ணி இறுமாப்படைகிறான்; பழகியபின் அது அவன் சொற்கேட்கும் என்று எவர் உறுதி சொன்னார்? பகைவர் எத்தனையோ பேரை எண்ணி எண்ணிக் காவலிருந்தவர், தம் தோளிலேயே தொங்கியதை எண்ணாது விட்டார். கற்றது அழியாதென்று மகிழ்வோர் மகிழ்க. அது அழியாதுதான், ஆனால் அழிந்திருக்க வேண்டிய ஒரு நொடி எல்லார் வாழ்விலும் வரும், அந்நொடியில் அது நன்றாகவே வேலை செய்யும்.