அண்ணனின் பாகம்

என் அண்ணன் சென்னியப்பன் எங்கள் காரின் இன்டேக் மேனிஃபோல்டில் குடியிருக்கிறார். அப்பா இறந்து பாகம் பிரித்தபோது அவருக்கு வந்தது அதுதான். வீடும், காரில் மற்றதெல்லாமும் எனக்கு வந்தன. வீட்டோடு அம்மாவும் வந்தாள். பிரித்து வைத்த மாமா, "கல்யாணமாகாத ஆளுக்கு எதுக்கு வீடு? காத்தோட்டமா ஒரு எடம் இருந்தாப் போதும்" என்றார். காரில் அதைவிடக் காற்றோட்டமான இடம் கிடையாது. இன்ஜின் இழுக்கும் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. அண்ணன் ஒரு தலையணையையும் ஒரு தோசைக்கல்லையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே குடிபோனார். மாமா பானெட்டை மூடினார். எல்லோரும் சாப்பிட்டோம்.

மேனிஃபோல்டில் நான்கு குழாய்கள். ஒன்றில் அவர் சமைத்தார், ஒன்றில் படுத்தார், ஒன்றில் சாமி படம் வைத்திருந்தார். நான்காவது விருந்தாளிகளுக்கு. விருந்தாளிகள் யாரும் வந்ததில்லை.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் தொடர்பு இருந்தது. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அவர் வாசற்கதவு திறந்துகொள்ளும். அவர் சாப்பிட உட்காரும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் சேலம் ரோட்டில் கொஞ்சம் வேகமாகப் போவேன். அவர் சாப்பாட்டு இலை பறக்கும் சத்தம் டேஷ்போர்டுக்குள் கேட்கும். அவரும் சும்மா இருக்கமாட்டார். மேம்பாலம் ஏறும்போது பார்த்து இருமுவார். வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் என் குடும்பத்தையே திட்டுவார்கள். அதில் அவரும் அடக்கம் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாசி மாதத்தில் வண்டி சீறத் தொடங்கியது. சும்மா நிற்கும்போதே இன்ஜின் தானாக வேகம் எடுக்கும், பிறகு சட்டென்று அணையும். பானெட்டுக்குள்ளிருந்து யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவது போல ஒரு சத்தம். ஈரோட்டில் என் மனைவி கோகிலவாணியின் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"கல்யாண மண்டபத்து வாசல்ல போய் நின்னு இப்படிச் சீறுச்சுன்னா எங்க வீட்ல என்ன நெனைப்பாங்க?" என்றாள் அவள்.

"அண்ணன் வேணும்னே பண்றாரு."

"யார் பண்ணினா என்ன, சரி பண்ணுங்க."

பரமத்தி ரோட்டில் கமருதீன் பாய் பட்டறை வைத்திருக்கிறார். வண்டியை அங்கே கொண்டுபோனேன். அம்மாவும் வருவேன் என்றாள். எங்கும் வராதவள் அவள். கேட்டதற்கு, வீட்டில் புழுக்கமாக இருக்கிறது என்றாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கமருதீன் பாய் இன்ஜினை ஓடவிட்டு, மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் ஓரத்தில் டப்பாவிலிருந்து கிளீனரை அடித்தார். இன்ஜின் சத்தம் மாறியது. உள்ளே அண்ணன் தும்மினார்.

"கேஸ்கட் போயிருச்சுங்க" என்றார் பாய். "இதுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும். அது வழியா வெளிக்காத்து உள்ள போவுது. மேனிஃபோல்டக் கழட்டித்தான் மாத்தணும்."

பிறகு பானெட்டின் மேல் குனிந்து மரியாதையாகக் கேட்டார். "பெரியவரே, கழட்டலாங்களா?"

"கழட்டுங்க" என்றது அண்ணன் குரல். "அடுப்ப அணைச்சிட்டேன்."

அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் பல காலம் ஆகியிருந்தது. அப்பாவின் குரலைப் போலவே இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. குரலைப் பாகம் பிரிக்க மாமா மறந்துவிட்டார்.

பாய் பேட்டரி வயரைக் கழற்றினார். காற்றுக் குழாயை உருவினார், பெட்ரோல் வரும் பைப்பை விடுவித்தார். போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு கைகளாலும் மேனிஃபோல்டைத் தூக்கி, வேப்பமரத்தடி மேஜையில் சாக்கு விரித்து வைத்தார். இன்ஜினில் தெரிந்த ஓட்டைகளில் எதுவும் விழாதபடி துணியைச் சொருகினார். மேனிஃபோல்டின் ஓட்டைகளில் துணி சொருகவில்லை. அங்கே ஆள் இருந்தது.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு மூலையில் பிய்ந்திருந்தது. அதில் ஓர் ஈர்க்குச்சி மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கருகிய தோசைத் துணுக்கும் ஒரு கறிவேப்பிலையும் ஒட்டியிருந்தன.

"இது தானாப் போகலீங்க" என்றார். "வெளியில இருந்து குத்தியிருக்காங்க. குத்தி, சோறு ஊட்டியிருக்காங்க."

அம்மா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அவள் காரைத் துடைக்கப் போவது எனக்குத் தெரியும். வாளி இல்லாமல் போவாள். அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. என் வீட்டு அரிசி, என் வீட்டு உளுந்து என்றுதான் இப்போது யோசித்தேன்.

"ஏம்மா?" என்றேன்.

"அவன் தோசை முறுகலா வராது கண்ணு" என்றாள். "சின்ன வயசுல இருந்தே கல்லு காயறதுக்குள்ள ஊத்திருவான்."

"அதுக்காக என் இன்ஜின ஓட்டை போடுவியா?"

அவள் மேனிஃபோல்டின் ஓரத்து எண்ணெயை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

கமருதீன் பாய் என்னைத் தனியாக அழைத்தார். "ஒண்ணு பண்ணலாங்க. புது கேஸ்கட்ட ஒரு எடத்துல கொஞ்சமா வெட்டி மாட்டித் தர்றேன். இன்ஜின் லேசா வேகமா ஓடும், அவ்வளவுதான். ஈரோடு போயிட்டு வரலாம். அம்மாவுக்கும் கை போற வழி இருக்கும்."

"வேண்டாம்" என்றேன். "முழுசா அடைச்சிருங்க."

அவர் தலையாட்டிவிட்டு, ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டப் போனார்.

நான் மேஜையருகே போய் நின்றேன். படுக்கையறைக் குழாயிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி."

"ம்."

"கழட்டினது கழட்டியாச்சு. அப்படியே வீட்டுக்கு வந்து ஒரு தடவ குளிச்சிட்டு வந்துரட்டுமா? இதுக்குள்ள எல்லாம் எண்ணெப் பிசுக்கு. நம்ம பாத்ரூம்ல சுடுதண்ணி வெச்சுக் குளிக்கணும்னு இருக்கு."

'நம்ம' என்றார். நான் அதைக் கவனித்தேன்.

"இன்னைக்குத் தண்ணி வராதுண்ணா."

"அப்படியா?"

"ஆமாம்."

அது தண்ணீர் வரும் நாள். அவருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விட்டால் குழாய்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும், அவர் குழாய்க்குள்தானே இருக்கிறார். உள்ளே தலையணையைத் தட்டிப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "கோகிலா தங்கச்சி கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். மேம்பாலத்துல நான் இரும மாட்டேன்" என்றார்.

"இருமினா இருமிக்கோ" என்றேன். "இனிமே வெளிய கேக்காது."

 பட்டறையில் பெட்ரோல் வாடை அதிகம் என்று டீக்கடைப் பக்கம் நகர்ந்தேன்.

டீ வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது பாய் புதுக் கேஸ்கட்டோடு நின்றிருந்தார். அம்மா, "செத்த இருங்க தம்பி" என்று அவரைத் தடுத்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடி மேனிஃபோல்டின் மேல் குனிந்தாள். தோள் ஒருமுறை அசைந்தது. தோசை ஏதாவது கடைசியாகக் கொடுக்கிறாள் என்று விட்டுவிட்டேன். அண்ணன் உள்ளே, "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று சொல்வது கேட்டது. அவர் எப்போதும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

நிமிர்ந்தபோது அம்மா முந்தானையைத் தலையில் போர்த்தியிருந்தாள். வெயிலும் இருந்தது.

பாய் கேஸ்கட்டை வைத்து, மேனிஃபோல்டை அதன் மேல் உட்காரவைத்தார். நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களுக்கு என்று போல்ட்டுகளை முறுக்கினார். ஒவ்வொரு முறுக்குக்கும் அண்ணனின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறியதாகி, கடைசி முறுக்கில் நின்றது. இன்ஜினை ஓடவிட்டார். சீறல் இல்லை. புது வண்டி மாதிரி இருந்தது.

"இப்ப ஊசி நுழையாதுங்க" என்றார் பாய். என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்துப் பார்த்தேன். எதிர்பார்த்த சத்தம் எதுவும் வரவில்லை. பின்சீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, அவ்வப்போது எதற்கோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் லேசாகச் சிரித்தாள்.

"என்னம்மா?" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அம்மா முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். இடது காது இருந்த இடம் வழவழப்பாக, கன்னத்தைப் போலவே இருந்தது. அந்தப் பக்கத்து முடியை அழகாக வாரிவிட்டிருந்தாள்.

கோகிலா சாம்பார் ஊற்றும்போது பார்த்தாள். "அத்தை, கல்யாணத்துக்குப் போட்டுட்டு வர்றதுக்கு அந்தப் பக்கத்துத் தோடு?"

"காதோடயே இருக்கும்மா" என்றாள் அம்மா.

கோகிலா அப்பளத்தை எடுத்துவர உள்ளே போனாள். நான் இலையை நகர்த்திக்கொண்டு அம்மாவின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அம்மாவும் தன் இலையைத் திருப்பி வைத்து, இடப்பக்கம் எனக்கு வரும்படி திரும்பி உட்கார்ந்தாள்.