பாஸ்கோவின் பத்து வாக்கியங்கள்

அன்று சிறை வகுப்பில் இருந்தவர்கள்: ஆசிரியை மெரில் டிபிட்ஸ். கார் திருடிய கியோ. அடிதடி வழக்கில் வந்த டோங்கா தீவுக்காரன் தெவிதா. வீடு புகுந்து திருடிய பாஸ்கோ. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலர் ப்ரோஃபி. வர வேண்டிய இன்னும் இரண்டு கைதிகளில் ஒருவன் நீதிமன்றம் போயிருந்தான். இன்னொருவனுக்குப் பல்வலி.

ஐந்து வாரமாக ஒரே பாடம்தான். ஒரு பொருள் ஒருவருக்குச் சொந்தம் என்று ஆங்கிலத்தில் எழுத, பெயருக்குப் பின்னால் மேலே ஒரு சின்னக் கொக்கி, அதற்கப்புறம் எஸ். பாஸ்கோ அந்தக் கொக்கியைக் கண்ட இடத்திலெல்லாம் மாட்டினான். மாட்ட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை அவன் பரோல் குழு முன்னால் நிற்க வேண்டும். வகுப்பில் தேறிவிட்டு, நடத்தையிலும் குறை இல்லை என்றால் விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம்.

"பத்து வாக்கியம்," என்றாள் மெரில். "யாரோட பொருள் எதுன்னு எழுதுங்க. கண்ணால பார்த்ததா இருக்கணும்."

"அடுத்தவன் பொருளா மிஸ்?" என்றான் கியோ. "அதுல நாங்க கைதேர்ந்தவங்களாச்சே."

"கைதேர்ந்தவன் ஏன்டா மாட்டுன?" என்றான் தெவிதா.

பாஸ்கோ சிரிக்கவில்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பென்சில் முனை நசுங்க எழுதினான். அரை மணி கழித்துத் தாளை நீட்டினான்.

மெரில் சிவப்புப் பேனாவோடு கொக்கிகளை மட்டும் பார்த்தாள்.

அந்த அம்மாவின் நாய்க்கு இடது காது கிழிந்திருக்கிறது. சரி.

அந்த அம்மாவின் துணிக்கொடி சாய்ந்திருக்கிறது. சரி. ஆளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சிறுமியின் சைக்கிள் மஞ்சள் நிறம். சரி.

சிறுமியின் ஜன்னல் திரையில் திமிங்கிலங்கள் இருக்கின்றன.

பேனா பாதிக் கோட்டில் நின்றது. அந்தத் திரையைத் தைத்தவள் அவள்தான்.

ஐந்தாவதைப் படித்தாள். அந்த அம்மாவின் சாவி சிவப்புத் தொட்டியின் அடியில் இருக்கிறது. கொக்கி சரியான இடத்தில் இருந்தது.

இடுப்பிலிருந்த அபாய மணிப் பொத்தானை அவள் கை தானாக அழுத்தியது. வெளியே மணி அலறத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"இது யாரு வீடு?"

"தெரியாது மிஸ்," என்றான் பாஸ்கோ. "செவ்வாய்க்கிழமை ஆத்தங்கரைப் பூங்காவுல வேலி போடக் கூட்டிட்டுப் போறாங்கல்ல? டீ குடிக்க உக்காந்தா அந்தக் கொல்லைதான் எதிர்ல தெரியும். அந்த அம்மாவைப் பார்த்ததில்ல, கொடியில காயிற துணியை வச்சுத்தான் எழுதினேன். நான் உள்ள வந்து ஒன்பது வருஷமாச்சு. என் வீட்டு ஆளுங்ககிட்ட இப்ப என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பார்த்ததை எழுதச் சொன்னீங்க." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "உங்க வீடா?"

"வாயை மூடுடா," என்றான் கியோ மெதுவாக.

ப்ரோஃபியும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். பாஸ்கோவைக் குப்புறப் படுக்கவைத்துக் கையைப் பின்னால் மடக்கினார்கள். ப்ரோஃபி தாளை எட்டிப் பார்த்தார். அவள் ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னாள்.

"மேடம், கட்டுப்பாட்டு அறைக்கு நான் இன்னும் பதில் சொல்லலை," என்றார் ப்ரோஃபி. "பொத்தான் தவறிப் பட்டுடுச்சுன்னா இப்பவே சொல்லுங்க. எழுத்துல ஏறிட்டா இவனுக்கு வெள்ளிக்கிழமை போச்சு."

"மிஸ்," என்றான் பாஸ்கோ, கன்னம் தரையில் அழுந்த. "வேற யாருகிட்டயும் சொல்லலை. சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதில் சந்தேகமே இல்லை. மகள் மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வருவாள். யாரும் இல்லாத வீட்டை, தொட்டியை நகர்த்திச் சாவி எடுத்துத்தான் திறப்பாள். இத்தனை நாளாக வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவன் அதைப் பார்த்திருக்கிறான். அவனோடு டீ குடித்த மற்றவர்களுக்கும் கண் இருந்திருக்கும்.

தாளை ப்ரோஃபியிடம் நீட்டினாள்.

"தவறிப் படலை," என்றாள்.

பாஸ்கோவைத் தூக்கி நிறுத்தி நடத்தினார்கள். சாட்சிக் கையெழுத்துக்காக அவளும் பின்னால் போக வேண்டியிருந்தது. தனிமைச் சிறை வரிசையின் கோடியில் அவனை உள்ளே தள்ளினார்கள். அவன் திரும்புவதற்குள் இரும்புக் கதவைச் சாத்தி, ப்ரோஃபி சாவியை இரண்டு முறை திருப்பினார்.