இரண்டாயிரம் மிச்சம்

"வீட்டுக்கு வந்து பயிற்சி குடுக்க ஒரு வேளைக்கு அறுநூறு கேக்கான். காலையும் சாயந்தரமும்னா மாசம் முப்பத்தாறாயிரம். இவளுக்குச் சம்பளம் முப்பத்தி நாலு. இவ வேலைய விட்டா நமக்கு ரெண்டாயிரம் மிச்சம்," என்றாள் ஹில்டா, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

கல்லூரிக்குக் கிளம்பி நின்ற ஜெஸ்மியின் கை செருப்புப் பட்டையிலேயே நின்றுவிட்டது. முந்தின நாள் நாசரேத்திலிருந்து வந்திருந்த நாத்தனார், அவளிடம் அல்ல, தன் தம்பியும் ஜெஸ்மியின் கணவனுமான பெவினிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மாமனார் தேவபிரசாதம் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து வலக்கையும் காலும் விழுந்து நாற்பது நாள். அத்தனை நாளும் விடிகாலையிலும், வேலை முடிந்து வந்த பிறகும் அவற்றை நீட்டி மடக்கியவள் ஜெஸ்மி. வேலையும் இதுவும் சேர்த்துச் செய்ய முடியவில்லை, வெளியாள் வைக்கலாம் என்று அவள் கேட்டதற்குத்தான் இந்தக் கணக்கு.

பிசியோதெரபியில் முனைவர் பட்டம் பெற்றவள் அவள். கல்யாணப் பத்திரிகையில் 'டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னது இந்த வீடுதான். ஐந்து வருஷம் உழைத்து வாங்கிய பட்டத்துக்குக் கல்லூரி கூட்டிக் கொடுத்தது மூவாயிரம். அவளுக்குப் பின்னால் சேர்ந்த, முதுகலை மட்டும் முடித்த ராஜபாண்டிக்கு அவளைவிட ஐயாயிரம் அதிகம். கேட்டபோது, அவர் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர் என்றார்கள். இப்போது அவள் குடும்பம் அந்தக் குறைந்த சம்பளத்தையே காட்டி அவளை வீட்டில் இருக்கச் சொல்கிறது.

"அக்கா சொல்லுதது சரியாத்தான இருக்கு," என்றான் பெவின். "அப்பா எந்திரிச்சு நடக்குத வரைக்கும்தான, ஜெஸ்மி."

"சரி. அந்த முப்பத்தாறாயிரத்த எனக்குத் தருவியளா?"

ஹில்டா நிமிர்ந்தாள். "மாமனாருக்குச் செய்யதுக்குக் கூலியா? கேட்டா ஊரு சிரிக்கும்."

"கணக்குப் போட்டது நீங்கதான, மைனி."

ஜெஸ்மி பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். "இங்கன வாங்க, அத்தான். ஒங்களுக்கு ஆபீஸ் ஒம்பதரைக்குத்தான. நான் சொல்லித் தாரேன், அரை மணி நேர வேல."

"ஆம்பளப் பிள்ள காலப் பிடிச்சு விடவா?" என்றாள் ஹில்டா.

"ராஜபாண்டியும் ஆம்பளதான். இந்த வேலைக்குத்தான் என்னைவிட அஞ்சாயிரம் கூட வாங்குதான்."

பெவின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கற்றுக்கொண்டான். முட்டியை எங்கே தாங்க வேண்டும், குதிகாலை எப்படி ஏந்த வேண்டும் என்று அவன் கைமேல் தன் கையை வைத்துக் காட்டினாள். அன்றைக்கு அவளுக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. மறுநாளிலிருந்து காலைப் பயிற்சி அவனுடையது, மாலை அவளுடையது.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் வீட்டுக்கு வந்தார். தேவபிரசாதம் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்தம்பிதான் ஐயா, தெனம் விடிஞ்சதும் அப்பா காலப் பிடிச்சு உக்காந்துருவான்."

போதகர் உருகிப்போனார். தகப்பனைத் தாங்க இப்படியொரு மகனைக் கொடுத்ததற்காக, அவன் கைகளுக்காக, நெடுநேரம் ஜெபித்தார். ஜெஸ்மியின் பெயர் கடைசி வரை வரவில்லை. பெவினும் சொல்லவில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள்.

போதகர் படியிறங்கியதும் ஜெஸ்மி கணவனிடம் சொன்னாள்:

"கர்த்தருக்கு ஒங்க கைதான் தெரியுதாம். இனிமே சாயந்தரமும் நீங்களே பாத்துக்கிடுங்க."