நான் கல் பார்த்த லட்சணம்

சமையல் மேடைக்கு ஒரு கல் பார்க்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டவள் மாதுங்காவிலேயே நான் ஒருத்திதான். பக்கத்துப் போர்ஷன் விஜயலக்ஷ்மி, "பொண்ணு பார்க்க வரவாகூட இத்தனை நொட்டை சொல்லமாட்டா, அம்மிணி" என்றாள். சொல்லட்டும், அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு இருந்தது அடம் இல்லை, பயம். வயிற்றில் குழந்தை இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. முதல் தடவை இரண்டாம் மாதமே வாயைத் திறந்துவிட்டேன். விஜயலக்ஷ்மி பாயசம் வைத்துக் கொண்டுவந்தாள். பத்தே நாளில் எல்லாம் போயிற்று. இரண்டாம் தடவை அவருக்கு மட்டும், நாலாம் மாதம் பிறந்த பிறகு சொன்னேன். மனிதர் சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே ஏணி போட்டு ஏறி, தொட்டிலுக்கென்று உத்தரத்தில் கொக்கி அடித்தார். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, கல் கொத்தக் கூடாது, சுவரை உடைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கு ஆபீஸ் ஃபைலைத் தவிர ஒன்றும் தெரியாது. நானாவது தடுத்திருக்கலாம். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினோம். பார்க்க வந்தவர்களில் யாரோ அவர் காதில் விழும்படியே, "ஆணி அடிச்சாராமே" என்றார்கள். அதன் பிறகு காலண்டர் மாட்டக்கூட அவர் சுத்தியலைத் தொடவில்லை.

மேடை வேண்டும் என்பதும் அவருடைய ஆசைதான். தரையில் குந்தி உட்கார்ந்து அடுப்பு ஊதக் கூடாது என்று போன தடவை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களிடம் சொல்லியிருந்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டு, புதுக் கட்டடங்களில் இருக்கிற மாதிரி நின்றுகொண்டே சமைக்க, இங்கே ஓட்டா என்கிறார்களே, அந்த மேடை ஒன்று கட்டித்தருவதாகக் கிளம்பினார். கட்டடத்துச் சேட்டிடம் ஆறு மாதம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். அனுமதி வந்த வாரம்தான் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் என் முகமே சொல்லிவிடும். சொன்னால் இதுவும் போய்விடும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். நாலாம் மாதம் தாண்டட்டும், நானே சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் வீட்டுக்குள் உளிச் சத்தம் கேட்கக் கூடாது. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, கல்லைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பது.

கல் பட்டறை தாராவியில் மாஹிம் ஓரமாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் வானமாமலை அங்கே கல் வேலை செய்தார். ஐம்பது வயதிருக்கும், இமையெல்லாம் கல்தூசி. முதல் நாள் நான் வெள்ளை மார்பிள்தான் வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் விலையைக் கேட்டு எச்சில் விழுங்கினார், ஆனாலும் மாதிரிக்கு ஒரு துண்டு வாங்கித் தந்தார். அதன்மேல் புளிக்கரைசலை ஊற்றி வைத்தேன். காலையில் அந்த இடம் பளபளப்பு செத்துப் போயிருந்தது.

"பாத்தேளா? ரசம் வைக்கற ஆத்துல இது சரிப்படுமோ?" என்றேன். பதினைந்து நாள் கிடைத்தது.

அடுத்தது சாம்பல் நிற ஷாஹாபாத் கல். அதில் மஞ்சளைக் குழைத்துத் தடவித் தேங்காய் நாரால் தேய்த்தேன், போகவில்லை. இன்னொரு பதினைந்து நாள். பிறகு கறுப்புக் கடப்பைக் கல்லுக்கு வந்தோம். அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே பாலீஷில் புகுந்தேன். பாலீஷ் போடாவிட்டால் எண்ணெயைக் குடிக்கும், பாதி பாலீஷ் என்றால் பார்க்க அழுக்காக இருக்கும், முழு பாலீஷ் என்றால் பாத்திரம் வழுக்கும். இப்படியே மூன்று வாரம் ஓட்டினேன்.

கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. பட்டறையில் நாலு பேர் நடுவில், "அம்மிணி, வர ஞாயித்துக்கெழமை கல் ஆத்துக்கு வரது. எந்த பாலீஷ்? இப்போவே சொல்லு" என்றார்.

நாலாம் மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வானமாமலையிடம், "முழு பாலீஷ்னா கல் வேலை அத்தனையும் இங்கேயே முடிஞ்சுடுமோன்னோ?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. வெட்டி, இழைச்சி, கண்ணாடியா கொண்டாந்துருதேன். அங்கன கல்லுல ஒரு கீறல் போட வேண்டாம்."

அப்படியானால் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதுதான் பாக்கி என்று நினைத்தேன். முழு பாலீஷ் என்று சொல்லிவிட்டு, பிழைத்தேன் என்று வீட்டுக்கு வந்தேன். சுவரைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கல் வந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது. சுமந்து வந்த ஆட்கள் அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். வானமாமலை சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்தார், சாக்கிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"கல்லு சொவத்துக்குள்ள மூணு விரக்கட போவணும்லாம்மா. பள்ளம் வெட்டாம எப்பிடி நிக்கும்?"

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். "எனக்கு இந்தக் கல் பிடிக்கலை. திருப்பி எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ!"

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. சுண்ணாம்பு குழைக்கத் தண்ணீர் பிடிக்க வாளியை எடுத்துக்கொண்டு பொதுக்குழாய்க்குப் போனார். நான் இரண்டு கையாலும் புடவைத் தலைப்பை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். வானமாமலை என் கையைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தனையாவது மாசம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவருக்குத் தெரியாது" என்றேன்.

"பயப்படாதிய. கல்லு கொத்துத சத்தத்துலதான் எங்க குடியிருப்பே. எம் பொஞ்சாதி அங்கனயே அஞ்சு பெத்தா."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு நன்றாக வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்காதே. "அஞ்சும் சௌக்கியமா இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் உளியைத் துண்டால் துடைத்தார். "ரெண்டு இருக்கு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அது காய்ச்சல்ல போனதும்மா. கல்லால இல்ல" என்றார். ஆனால் உளியைச் சுவரில் வைக்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "செங்கல் கால் கட்டி மேல வச்சிருதேன். சொவத்துல கை வைக்க வேண்டாம்" என்றார்.

அதற்குள் இவர் வாளியோடு வந்துவிட்டார். வானமாமலை எழுந்து, "சாமி, சொவரு பொதபொதன்னு இருக்கு. பள்ளம் வெட்டுனா தாங்காது" என்றார்.

இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் அவருக்குப் பொங்கிற்று.

"சொவரா? சொவருக்கு என்ன கேடு? இவளுக்குத்தான் எதுவும் பிடிக்கலை! இவளுக்கு உபகாரமா ஒண்ணு பண்ணலாம்னா விடமாட்டேங்கறா. இப்போ நீரும் சேந்துண்டேரா?" கீழே இருந்த சுத்தியலை எடுத்தார். "ஏக்தம் பக்கா சொவரு. பாரும், நானே காட்டறேன்."

"ஏன்னா, நான் முழுகாம இருக்கேன்! நாலாம் மாசம்!"

நான் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அடி விழுந்துவிட்டது. காரை பெயர்ந்து கீழே சிதறியது. அடுத்த அடிக்கு ஓங்கின கை அப்படியே நின்றது.

கோபிப்பார் என்று நினைத்தேன். ஒருவேளை சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தேன். அவர் சுத்தியலைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார், தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி. முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை நாளும் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே, எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

"ஒரே ஒரு அடிதானே, அம்மிணி?" என்றார். "ஒண்ணுதானே அடிச்சேன்?"

அவர் அப்படிக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"எங்கே அடிச்சேள்?" என்றேன். "நீங்க ஓங்கினேள். அதுக்குள்ள நான் சொல்லிட்டேன். சொவத்துல படவே இல்லை."

அவர் நம்பாமல் வானமாமலையைப் பார்த்தார்.

"படலை சாமி" என்றார் வானமாமலை. "நான் பாத்துக்கிட்டுதான நின்னேன்."

பிறகு குனிந்து, தரையில் கிடந்த காரையைக் கையாலேயே கூட்டி அள்ளித் தன் சாக்குக்குள் போட்டுக்கொண்டார்.