எட்டுப் புள்ளி ஆறு

எட்டுப் புள்ளி ஆறு, அது என் எண், வேறு யாருக்கும் வந்திருக்க முடியாது, கணினி வரைபட வகுப்பில் அக்கா வரைந்த கீலைத் திறந்து சார் அதன் துளையின் விளிம்பைச் சொடுக்கியதும் பெரிய திரையில் விழுந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருவேளை தற்செயலோ, எல்லாரும் அளந்தது அதே பழைய கீலைத்தானே... இல்லை, மற்றவர்கள் கீலின் உள்ளே கிடந்த இரும்புப் பின்னை அளந்துவிட்டு எட்டு மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள், நான் ஒருத்திதான் துளைக்குள் வெர்னியர் அளவியின் முனையை விட்டு அளந்தேன், மூன்று முறை, சராசரி எடுத்து, நோட்டில் தேதி போட்டு. மருத்துவமனைக் கட்டிலின் பக்கக் கம்பியைத் தாங்கித் தாங்கித் தேய்ந்துபோன கீல் அது, தேய்ந்த துளையை நூறு முறை அளந்தாலும் தேய்ந்த அளவுதான் வரும் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது, வேலை பார்க்கும் துணிக்கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தபோது, மடித்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடலாமா என்றிருந்தது. வீட்டுக்குப் போனதும், பின் நுழைய ஒரு மயிரிழை மட்டும் விட்டு, எட்டுப் புள்ளி ஒன்றாக மாற்றினேன். ஆனால் அக்காவுக்கு அனுப்பியது அதற்கு முன்பே, வியாழக்கிழமை.

அக்கா என்றால் பெரியம்மா மகள், இதே வகுப்பில் எனக்கு முன் வரிசை, இப்போது அவள் பின்னல்தான் எனக்குத் தெரிகிறது, திரும்பவே மாட்டேன் என்கிறாள். அவள் வரைவது நாற்காலி செய்யும் கம்பெனியில், அங்கே ஒரு வரைபட மென்பொருள், என் வீட்டுக் கணினியில் இருப்பது இலவசமாகக் கிடைத்த இன்னொன்று, வகுப்பில் மூன்றாவது. "உன் ஃபைல் என்கிட்ட திறக்காதுடி, எல்லாத்துலயும் திறக்குற மாதிரி மாத்தி அனுப்பு, சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான்," என்றாள், மாற்றி அனுப்பினேன், அப்போதே என்னவோ போலிருந்தது. என்னிடம் அந்தக் கீலை வரைந்த முப்பத்தொரு படிகளும் வரிசையாகப் பதிவாகி இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தேன், முதல் தகடு, இடது காது, வலது காது, மழுக்கிய ஓரம்... பொதுக்கோப்பாக மாற்றித் திறந்து பார்த்தால் அத்தனையும் போய் 'உருவம் 1' என்று ஒரே வரி. உருவம் அப்படியே இருக்கிறது, யார் எதை முதலில் வரைந்தார்கள், எதை அழித்தார்கள், ஒன்றும் இல்லை. எல்லாருடையதும் இப்படித்தான் வந்து சேரும், ஆகவே சார் யாரையும் படிகளைக் காட்டச் சொல்லவும் மாட்டார். இதை அவள் எப்போது யோசித்தாள்? கேட்கும்போதேவா, திறந்த பிறகா? கம்பெனியில் இந்த மாதத்தோடு அவளை நிறுத்துகிறார்கள் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வருகிறது, அதற்காக... அதற்காக என்னிடம் கேட்டிருக்கலாமே, நான் என்ன இல்லை என்றா சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேனோ என்னவோ, சார் பக்கத்தில் கைகட்டி நிற்கும் பட்டறைக்காரர் இன்று யார் மாதிரியை எடுக்கிறாரோ அவருக்குத்தானே அவர் பட்டறையின் வரைபட அறையில் வேலை, அந்த ஒரே நாற்காலிக்காக நான் நான்கு மாதமாகச் சட்டை மடித்துவிட்டு இங்கே ஓடி வருகிறேன்.

என்னுடையது திறந்தது. அதே காதுகள், அதே மழுக்கிய ஓரம், துளையை மட்டும் சார் சொடுக்கவில்லை. வகுப்பில் யாரோ சிரித்தார்கள். "என்னம்மா இது, ரெட்டைப் பிள்ளையா? யாரு யாரைப் பாத்துப் போட்டீங்க?" என்றார் சார். என் தொண்டையில் முப்பத்தொரு படிகளும் வரிசையாக வந்து நின்றன, எதிலிருந்து தொடங்குவது என்று நான் யோசிப்பதற்குள் அக்கா எழுந்தாள், "சின்னவளுக்கு நான்தான் கூட உக்காந்து சொல்லிக் குடுத்தேன் சார், ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம்." பாவம்! அந்தச் சொல்லில் எனக்குக் காது சூடேறிவிட்டது, எனக்காகப் பரிந்து பேசுகிறாளாம். வீட்டுக் கணினியில் படிகளெல்லாம் இருக்கின்றன சார் என்று சொல்லலாம், சொன்னால் அதையும் பார்த்து வரைந்தது என்பார்களோ, நான் சொன்னால் எனக்கே என்மேல் சந்தேகம் வருமே... பட்டறைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "முதல்ல காட்டினதையே எடுத்துக்கறேன். ஆஸ்பத்திரிக்காரங்க அவசரப்படுத்துறாங்க, காலையில இருநூறு வெட்டிடுவோம்."

இருநூறு. எட்டு மில்லிமீட்டர் பின்னுக்கு எட்டுப் புள்ளி ஆறு துளை, புதுக் கீலே பழைய கீல் மாதிரி லொடலொடவென்று ஆடும், கட்டிலில் படுத்திருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பார்... அவள் மாட்டிக்கொள்வாள், நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு நொடி எனக்குள் யாரோ கை தட்டியது உண்மை, அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

அப்போதுதான் அக்கா திரும்பினாள். முகத்தில் சிரிப்பில்லை. "ஏய், அளவெல்லாம் சரிதானே?" என்றாள் மெதுவாக, சின்ன வயதில் கணக்கு நோட்டை என் பக்கம் தள்ளிக் கேட்பாளே, அதே குரல். ஆக அவள் எதையும் அளந்து பார்க்கவில்லை, ஒரு துளையைக்கூட. ஒன்றை மூன்று முறை அளந்தும் நானே நம்பாத என் கையை இவள் அப்படியே எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறாள், திருடிக்கொண்டு போன இவளைப் போல என்னை நம்பியவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா? பட்டறைக்காரர் கோப்பைத் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், பாதி ஏறிவிட்டது, அக்கா இன்னும் என் வாயையே பார்க்கிறாள்.