நாற்பது நாள் பூனை

பாஷ்யம் என்னிடம் பூனையை விட்டுப் போனதற்கு ஒரே காரணம், வேறு ஆள் கிடைக்காததுதான். அவர் மில் ஆபீசில் டைம் கீப்பர். நான் அதே மில்லில் ஃபிட்டர். பதினைந்து வருடத்தில் “ஏன் லேட்டு?” என்பதைத் தவிர அவர் என்னோடு பேசியது கிடையாது.

எண்பத்தேழாம் வருடம் அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. பெங்களூரில் தம்பி வீட்டில் தங்கி ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். நாற்பது நாள் ஆகும் என்றார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவரும் ஒரு பூனையும்தான் குடியிருந்தார்கள்.

“உங்க தெருவுல ஒருத்தரும் இல்லையா சாமி?” என்று கேட்டேன்.

“எல்லாரும் மடி பாக்கறவா ஓய். பூனை மேல பட்டா திரும்பக் குளிக்கணும். யார் எடுத்துப்பா? உம்மாத்துலதான் யாரும் இல்லைன்னு சொன்னா.”

சுருக்கென்று இருந்தது. என் வீட்டில் யாரும் இல்லை என்பது மில் முழுக்கப் பேச்சு போலிருக்கிறது. மனைவி சந்தனம் இறந்து நாலு வருடம். தேவதானத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தலையைக் காட்டுவாள், அவ்வளவுதான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “கொண்டாங்க” என்று வந்துவிட்டது.

மூடி போட்ட கூடையில் வைத்து, பஸ்ஸில் ராஜபாளையத்துக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளையில் சாம்பல் திட்டுப் போட்ட பெண் பூனை. பெயர் கோமளா. பூனைக்குக் கோமளா! வாசலில் நின்றபடியே சட்டம் போட்டார்.

“கார்த்தால பால். ரெண்டு வேளை தயிர்சாதம். எட்டு வருஷமா அதான். மச்ச வாசனையே அதுக்குத் தெரியாது. நீர் சாப்பிடறதை நான் ஒண்ணும் சொல்லலை. அதுக்கு மட்டும் காட்டிடாதேயும்.”

“காட்ட மாட்டேன் சாமி. என்னைய நம்பலாம்.”

மூன்று நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடந்து கத்தியது. நான் ஷிப்டுக்குப் போன பிறகுதான் சோற்றைத் தொட்டது. அப்புறம் என் முன்னாலேயே தின்ன ஆரம்பித்தது. குறை சொல்லக் கூடாது, தட்டை வழித்துத் தின்னும். அதற்காக நானும் வீட்டில் கவிச்சி சமைக்காமல் இருந்தேன். ஆனால் தின்றதும் போய் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடும், போனவர் வருகிறாரா என்று. எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை எதிர்பார்த்து எந்த வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாக்கு செத்துப்போய், நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து வறுத்தேன். பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. அது வந்து காலைச் சுற்றிச் சுற்றி உரசியது. ஒரு துண்டு போட்டேன். தின்றுவிட்டு என் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. நாலு வருடமாக என்மேல் ஒரு உயிர் சாய்ந்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

அந்த ஒரு துண்டு தவறுதலாக நடந்தது. மற்றதெல்லாம் தெரிந்தே செய்தது. மறுநாளிலிருந்து தினமும் கருவாடுதான். தயிர்சாதத்தை அடியோடு நிறுத்தினேன். இந்த ருசி பழகிவிட்டால் அது அங்கே போய்த் தங்காது என்று நினைத்தே செய்தேன்.

நாற்பதாம் நாள் பாஷ்யம் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்து நின்றார். “நன்னாப் பெருத்திருக்கே!” என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். கூடைக்குள் பூனை கத்தக் கத்தத் தூக்கிக்கொண்டு போனார். கருவாட்டைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கூடையோடு திரும்பி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“பாலைக்கூடத் தொடமாட்டேங்கறது ஓய். மாட்டு டாக்டர்ட்டக் காட்டினேன், சீக்கு ஒண்ணுமில்லைங்கறார். உம்மாத்துல என்ன போட்டீர்?”

இந்தக் கேள்விக்காகத்தான் ஐந்து நாளாகக் காத்திருந்தேன்.

“கருவாடு, சாமி. ஒருநா நான் செத்த அசந்த நேரத்துல வாய வச்சிருச்சு. பொறவு வேற எதுவும் எறங்கல.”

திட்டுவார் என்று நினைத்தேன். “இப்போ இருக்கா? போடும்” என்றார்.

சட்டியிலிருந்து நாலு துண்டு எடுத்துப் போட்டேன். கூடையைத் திறந்ததும் பூனை பாய்ந்தது. பாஷ்யம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, படியேறாமல், அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். மேல்துண்டை எடுத்தபோது கண்ணாடிக்குள் கண் நிறைந்திருந்தது.

“எட்டு வருஷமா இதைப் பட்டினி போட்டிருக்கேன், சோலைச்சாமி. எனக்குத் தெரியாமலே போயிடுத்து.”

அப்படியில்லை சாமி, உங்கள் சோற்றை அது வழித்துத்தான் தின்றது, கெடுத்தவன் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பூனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். விழுங்கிவிட்டேன்.

“நீரே வச்சுக்கும். அதுக்கு வயிறு ரொம்பப் போட்ட புண்ணியவான் நீர்” என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பஸ் ஸ்டாண்டை நோக்கித் தனியாக நடந்தார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து டைம் ஆபீசுக்குப் போனேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்ததுமே எழுந்து வந்தார்.

“சாப்பிட்டுதா ஓய்?”

“தின்னுச்சு சாமி.”

“நல்லது” என்றார். ஒரு மாதிரி சிரித்துவிட்டு உள்ளே போனார். மறுநாளும் கேட்டார். அவர் ரிட்டயராகிப் போகும்வரை, மூன்று வருடம், ஷிப்டுக்குப் போகிற நாளெல்லாம் ஜன்னலுக்கு வந்து அதை ஒன்றைத்தான் கேட்டார். நானும் “தின்னுச்சு” என்று மட்டுமே சொல்லிவிட்டு உள்ளே போனேன்.